நாளொன்றுக்கு முப்பது முழம்

1910ஆம் ஆண்டு ஆவணி மாதம் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இருந்த பதினேழு கடைகள் கொழும்பை நோக்கி நகரத் தொடங்கின. நாளொன்றுக்கு முப்பது முழம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் மட்டும் நின்றன. தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஸஹாப்தீனின் பலசரக்குக் கடையில் தராசு ஆடவில்லை, பக்கத்துத் தேநீர்க் கடையில் கோப்பை தளும்பவில்லை. காலையில் கடை திறக்க வந்தவர்கள் கடை இருந்த இடத்தில் ஈரத் தரையையும் எலி வளைகளையும் பல வருடங்களுக்கு முன் தொலைந்துபோன ஒரு சாவியையும் கண்டார்கள். கடை, பூட்டிய பலகைகளோடு முப்பது முழம் தள்ளி நின்றது. களனி ஆறு பெருகி மண்ணை இளக்கிவிட்டது என்று முதலில் சொன்னார்கள். அரசாங்க ஓவசியர் ஒருவர் வந்து நூல் பிடித்து அளந்து, கடைகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதாக எழுதிக்கொண்டு போனார். அவரால் எழுத முடிந்தது அவ்வளவுதான்.

காரணம் ருவான்வெல்லை முக்தார். பாக்கு வியாபாரியின் மகன், ஏலம் கூறிப் பழகிய குரல், ஓரிடத்தில் தரிக்காத கால். கல்யாண வீட்டில் சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தால் மற்ற ஐந்து பேர் பாதிச் சோறு உண்பதற்குள் அவர் எழுந்து கை கழுவிவிடுவார். அந்த வருடம் ரப்பர் விலை யாரும் கண்டிராத உயரத்துக்கு ஏறியிருந்தது. சபரகமுவை மாகாணத்தில் காசு பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறது, அதை எழுப்பித் தலைநகருக்கு அழைத்துவர வேண்டும் என்று கொழும்பு வர்த்தகர் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். ஊருக்கு ஊர் ஆள் வைத்தார்கள். யட்டியாந்தோட்டைப் பக்கத்துக்கு முக்தார். அவருக்கு ஒரு பெட்டி ரயிலில் வந்தது. பெட்டிக்குள் ஒரு படவிளக்கு, பதினொரு கண்ணாடிப் படங்கள், நாலாக மடித்த நீளமான வெள்ளைத் துணி, பேசவேண்டியதை எழுதிய காகிதம் எல்லாம் இருந்தன. முக்தார் கொழும்பைப் பார்த்ததே இல்லை. சங்கம் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதில் நடந்த பிழை ஒன்றுதான். அந்தத் துணி, படத்தை விழுத்திக் காட்டுவதற்கான திரை. ஆனால் தைக்காத, கரையில்லாத, ஏழு முழ வெள்ளைத் துணியை மடித்து அனுப்பினால் எங்கள் பக்கத்து முஸ்லிம் மனிதர் என்ன நினைப்பார்? இறந்தவரின் மையித்துக்குச் சுற்றும் கபன் துணி என்றுதான் நினைப்பார். தூரதேசம் சுற்றும் ஆளுக்கு வழியில் ஏதும் நேர்ந்துவிட்டால் என்று சங்கத்துப் பெரியவர்கள் அக்கறையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முக்தார் நெகிழ்ந்து போனார். தமக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்று அதைப் பள்ளிவாசலில் கொடுத்தார். ஏழை ஒருவரின் ஜனாஸாவுக்கு அது பயன்பட்டது. பிறகு படத்தைக் கடைகளின் சுவரிலேயே நேராக விழுத்தினார். எஹலியகொடையில் அதே வேலை பார்த்தவர் துணியில் காட்டினார். ஒரு மாதத்தில் அந்தத் துணி கொடியிலிருந்து கிளம்பிக் கொழும்புப் பக்கம் பறந்து போய்விட்டது, வேறு நட்டம் இல்லை.

முக்தார் படம் காட்டியது பட்டப்பகலில். பலகைகளைச் சாத்திக் கடையை இருட்டாக்கி, புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவரில் துறைமுகத்தை விழுத்துவார். அலைதடுப்பு அணை, கப்பல் வரிசை, டிராம் வண்டி, கிட்டங்கிகள், மணிக்கூட்டுக் கோபுரம். காகிதத்தில் எழுதியிருந்ததை ஏலக் குரலில் சொல்வார். உலகத்தின் பாதிக் கப்பல்கள் அங்கே நின்று தண்ணீர் குடிக்கின்றன, காணி இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு இரட்டிப்பு, அங்கே போட்ட விதை அங்கேயே காய்க்கும், இங்கே முதல் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கடைசி வார்த்தை அதுதான். வியாபாரிகள் பிளேன்டீ குடித்துக்கொண்டு கேட்டார்கள். நோன்பு முடியட்டும் என்றார் ஒருவர். மகளின் கல்யாணம் முடியட்டும் என்றார் இன்னொருவர். ரப்பர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றார் ஸஹாப்தீன். ஒருவரும் ஒரு சதம் போடவில்லை. ஆனால் சுவர்களுக்கு மகளும் இல்லை நோன்பும் இல்லை. அவை நம்பிவிட்டன.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஸஹாப்தீன். படம் காட்டாத பள்ளிவாசல் அசையவில்லை, தபாற்கந்தோர் அசையவில்லை, நாவிதரின் கொட்டில் அசையவில்லை. அவர் முக்தாரைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார், ஏனென்றால் அந்த வாரம் வியாபாரம் நன்றாக நடந்திருந்தது; நடக்கும் கடையைப் பார்க்கக் கேகாலையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். முக்தாரின் மனைவி மஹ்மூதா மட்டும் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "இந்த ஊட்டுச் செவத்துல மட்டும் காட்ட வாணாம்." முக்தார் விளக்கை மாட்டுக் கொட்டிலில் வைத்தார். சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் கேட்டது முதல் பணத்தை, கட்டடங்களை அல்ல என்று அதில் எழுதியிருந்தது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஆத்தங்கரைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் ஓரறைக்கு ஒன்றாக இருக்கும், பத்துக் காம்பராக்கள் உள்ள ஒரு லயம். ஏழாம் காம்பராவில் இருந்தவள் மூக்காயி, ரப்பர் பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் கன்னையா 1908இல் கங்காணியோடு ஒரு பேச்சுத் தடித்து, மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் ஆற்றில் போன பாக்குப் படகொன்றில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டான். துறைமுகத்தில் கரி சுமந்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் துரை கையெழுத்திட்ட துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் தெருவில் பிடிபட்டால் மறியலில் அடைப்பார்கள். கன்னையாவின் பேரில் பிடியாணை வழி நெடுகக் காவல் நிலையங்களில் கிடந்தது. கரிமுற்றத்துக்குள் யாரும் துண்டு கேட்பதில்லை, ஆகவே அவன் அதற்குள்ளேயே கிடந்தான். மூக்காயி மூன்று தடவை துண்டு கேட்டாள். ஓடியவன் பெண்டாட்டிக்கு என்ன துண்டு என்று கங்காணி மூன்று தடவையும் சிரித்தார். அவன் போனபோது அவள் வயிற்றில் இருந்த இலட்சுமிக்கு இப்போது ஒன்றரை வயது. அப்பனைக் கண்டதில்லை. மூக்காயிக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றுதான். கன்னையாவும் இலட்சுமியும் ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். அது துண்டு கிடைத்து நடக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

கடைகள் நகர்வதை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டாள். நவம்பர் மாதத்தில் அவை ஊருக்கு வெளியே போய், மாட்டுவண்டிக்காரர்களோடு தெருவில் இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் பருப்பு வாங்கினாள், உப்பு வாங்கினாள், முக்தாரிடம் போனாள். தன் காம்பராச் சுவரில் அந்தப் படத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

"இது முதல் ஈக்கிற ஆக்களுக்குக் காட்டுற படம், தங்கச்சி. உங்களுக்கிட்ட என்ன ஈக்கி?"

"செவுரு இருக்குங்க, நானா."

முக்தார் அன்று பூராவும் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தார். இத்தனை மாதமாக மாகாணத்தில் ஒருவர்கூடத் தம்மிடம் தாமாக வந்து கேட்டதில்லை என்பது அவருக்கு உறைத்தது. தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று விளக்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறினார்.

ஆனால் லயத்துச் சுவர் ஒருவருக்குரியது அல்ல. மூக்காயியின் வலப்பக்கச் சுவர் ஆறாம் காம்பராவின் இடப்பக்கச் சுவர். கூரை பத்துப் பேருக்கும் ஒன்று. ஆணி அடிப்பதானாலும் பக்கத்துக் காம்பராவில் ஒரு வார்த்தை கேட்டுத்தான் அடிப்பார்கள். ஆகவே அவள் ஒன்பது வாசலிலும் போய்க் கேட்டாள். கேட்பதற்கு ஏழு நாள் ஆனது. சிலருக்கு ஆசை, சிலருக்குப் பயம், ஒருத்திக்குப் பாகற்கொடி காய்க்கும் நேரம். கடைசியில், வரிசையின் ஓரத்துத் தொங்கல் காம்பராவில் இருந்த பூசாரியைத் தவிர எல்லாரும் தலையாட்டினார்கள். லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் மாரியம்மன் கல் இருந்தது. அம்மனை விட்டு வரமாட்டேன், காம்பரா போகட்டும், நான் மரத்தடியில் படுத்துக்கொள்கிறேன் என்றார் பூசாரி. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஏழாம் காம்பராவின் கதவைச் சாத்தி, அடுப்புப் புகை படிந்த சுவரில் ஒரு பாய் அளவுக்குச் சுண்ணாம்பு பூசி, முக்தார் துறைமுகத்தை விழுத்தினார். கரி ஏற்றும் படகுகளின் படம் வந்தபோது மூக்காயி சுவருக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் புள்ளி அளவு. அவன் இல்லை, அல்லது அவனை அடையாளம் தெரியவில்லை. முக்தார் பழக்க தோஷத்தில் இங்கே முதல் போடுங்கள் என்று முடித்தார். மறுநாள் விடியற்காலையில் லயம் பெரட்டுக் களத்தில் நின்றது.

துரைக்கு முதலில் சந்தோஷம்தான். ஆட்கள் தாமதமாக வருவதில்லை. ஒரு வாரத்தில் லயம் பெரட்டுக் களத்தைத் தாண்டி எல்லை ஓடைக்கு இறங்கியபோது சந்தோஷம் போய்விட்டது. கங்காணி தடியோடு ஓடினார். யாரைப் பிடிப்பது? எல்லாரும் அவரவர் காம்பராவில் இருந்தார்கள். துரை சட்டத்தரணியை வரவழைத்தார். சட்டத்தரணி இரண்டு நாள் புத்தகம் புரட்டினார். ஆள் தன் இருப்பிடத்தை விட்டுப் போனால் குற்றம், இருப்பிடம் ஆளோடு போனால் என்ன என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை என்றார். அப்படியானால் கட்டிப் போடுவோம் என்று துரை யானைச் சங்கிலிகளைக் கொண்டுவரச் செய்து ஒன்றோடொன்று கோத்து, லயத்தின் உத்தரத்தையும் பழைய இடத்தில் நின்ற பலாமரத்தையும் சேர்த்துப் பிணைத்தார். லயம் ஓடைக்கரையில் ஒரு பகல் முழுக்க நின்றது. மறுநாள் பலாமரம் வேரோடும் மண்ணோடும் அம்மன் கல்லோடும் பின்னால் வந்தது. பூசாரி மரத்தடியில் பாயில் படுத்திருந்தார், அவரும் வந்தார். அன்று மத்தியானம் அவர் தம் காம்பராவுக்குத் திரும்பிப் பானையை அடுப்பில் வைத்தார். துரை கட்டிய சங்கிலி இல்லாவிட்டால் அம்மன் எங்களோடு வந்திருக்கமாட்டாள் என்று லயத்தில் இப்போதும் துரைக்கு நன்றி சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. ஓடையைத் தாண்டியதும் மூக்காயி சந்தோஷப்பட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான், அவள் சந்தோஷப்படவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று எதிரே புதிதாக எந்த மரம் வந்திருக்கிறது என்று பார்ப்பாள். லயம் எந்தத் தோட்டத்து நிலத்தில் நின்றதோ அந்தத் தோட்டத்துப் பெரட்டில் பத்துக் காம்பராவும் பேர் கொடுத்தது. பால் வெட்டத் தெரிந்த கை தானாக வாசலுக்கு வந்தால் எந்தத் துரை வேண்டாம் என்பார்? கடைகள் ஒரு மைல் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைச் சாமான்களுக்கும் குறைவில்லை. வயல் வழியாகப் போன மாதங்களில் சிங்கள ஊரார் முதலில் வாய்ச்சண்டை பிடித்து, பிறகு வரம்பு உடையாமல் லயம் எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து பார்த்து, போகும்போது ஈரப்பலாக்காய் கொடுத்து அனுப்பினார்கள். மாகாண எல்லையில் பிறந்த ஒரு குழந்தைக்குத் தலை சபரகமுவையிலும் கால் மேல் மாகாணத்திலும் வந்தது என்று மருத்துவச்சி சத்தியம் செய்தாள். பதிவுகாரர் தலை இருந்த மாகாணத்தை எழுதினார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ருவான்வெல்லைக்குக் கிட்ட லயம் நின்ற 1912ஆம் வருடக் கடைசியில், அந்தப் பக்கத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் ஒரு நாள் விளையாட்டுப்போலக் கணக்குப் பார்த்து, இந்த வேகத்தில் கொழும்புக்குப் போக மொத்தம் பதினாலரை வருடம் ஆகும் என்றார். இன்னும் பன்னிரண்டரை பாக்கி. அப்போது இலட்சுமிக்குப் பதினாறு முடிந்திருக்கும். தெருவில் நடந்தால் இரண்டு நாள் வழி. ரயிலில் ஒரு பகல். மூக்காயி அன்றைக்குச் சமைக்கவில்லை. சுவரை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். சுவர் தன் வேகத்தை மாற்றவில்லை. அவள் அழுததை ஆறாம் காம்பராவிலும் எட்டாம் காம்பராவிலும் கேட்டார்கள்.

அந்த மாதம்தான் சங்கம் முக்தாரை வேலையிலிருந்து நிறுத்தி, விளக்கை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி எழுதியது. புறப்படுவதற்கு முன் அவர் லயத்துக்கு வந்தார். இரண்டு வருடமாகக் கொழும்பை விற்றவர் கொழும்பைப் பார்க்க இப்போதுதான் போகிறார் என்று அறிந்தபோது மூக்காயி, மற்ற நாளானால் சிரித்திருப்பாள். அன்று அவள் வேறொன்று கேட்டாள்.

"கொழும்ப எங்களுக்கு எத்தன தடவ காட்டிட்டீங்க. எங்கள ஒரு தடவ கொழும்புக்குக் காட்டுங்க, நானா."

முக்தாருக்கு அது விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. விளங்கியதும் அவர் உட்காரவே இல்லை. அவிசாவளையில் படம் பிடிக்கிற ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். தம் கைக்கடிகாரத்தை அவருக்குக் கொடுத்தார். ஏழாம் காம்பரா வாசலில் மூக்காயி, இடுப்பில் இருக்க மாட்டேன் என்று இறங்கி நின்ற இலட்சுமி, பின்னால் சங்கிலி தொங்கும் பலாமரம். இலட்சுமி அசைந்துவிட்டதால் அவளுக்கு மட்டும் மூன்று கை விழுந்தது. பன்னிரண்டாவது கண்ணாடிப் படம் அது.

கொழும்பு அவரை ஏமாற்றவில்லை என்று முக்தார் பிற்பாடு சொன்னார். படத்தில் இருந்த எல்லாம் இருந்தது, வெயிலும் நாற்றமும்தான் கூடுதல். சங்கத்துக் கந்தோருக்குப் போகாமல் நேரே கரிமுற்றத்துக்குப் போனார். கரிக் கூலிகள் தங்கும் நீண்ட செங்கல் கொட்டகையில் கன்னையாவைக் கண்டுபிடித்தார். பல் மட்டும் வெள்ளையான ஒரு மனிதன். கொட்டகைச் சுவரில் படம் விழவில்லை. சுவர் அவ்வளவு கறுப்பு. கன்னையா வேட்டியைத் தூக்கிப் பிடிக்கட்டுமா என்று கேட்டான். துணி வேண்டாம், துணி தனியாகப் போய்விடும் என்றார் முக்தார். சுண்ணாம்பு வாங்கி ஒரு கதவளவு பூசினார்கள்.

மூன்று நாள் பேசினார். முதல் நாள் பழைய பாணியில் பேசினார். அங்கே இன்று வந்தால் நாளை இரட்டிப்பு என்றார். சுவர் அசையவில்லை. கொழும்புச் சுவர்கள் இந்த மாதிரிப் பேச்சை நிறையக் கேட்டிருக்கும். இரண்டாம் நாள் ஆற்றையும் மலையையும் சொன்னார், அதற்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. தணிந்த குரலில் உள்ளதைச் சொன்னார். அந்தக் காம்பராவில் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டி, அதற்கு ஒரு ஓட்டை. அடுப்பு வலப்பக்கம். மழை வந்தால் புகை உள்ளே திரும்பும். பிள்ளைக்குக் கோழி என்றால் பயம், துரை என்றால் பயமில்லை. ராத்திரி அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. கடைசியில் நாக்குத் தன் பாட்டுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது, இங்கே முதல் போடுங்கள் என்று.

கன்னையா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம மொதலு அங்கதாங்க கெடக்கு" என்றான்.

மறுநாள் காலையில் கொட்டகை முப்பது முழம் கிழக்கே நின்றது. 1913, தை மாதம். முக்தார் விளக்கைச் சங்கத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார். பன்னிரண்டாம் படத்தை மட்டும் கொடுக்கவில்லை, அது அவர்களுடையது அல்ல. கொட்டகையில் இருந்த நாற்பது பேரில் முப்பத்து நாலு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கன்னையாவும் வேறு ஐந்து பேரும் உள்ளேயே இருந்தார்கள். தெருவில் நடந்திருந்தால் பாலத்தடியிலேயே பிடித்திருப்பார்கள். இருப்பிடத்துக்குள் இருப்பவனை என்ன செய்வது? ஆத்தங்கரை விவகாரத்தை அதற்குள் எல்லாக் காவல் நிலையமும் கேள்விப்பட்டிருந்தது. கொட்டகை ஆற்றோரமாக வந்தது. வழியில் செங்கல் சூளைகளுக்கு அவர்கள் கொட்டகைக்குள்ளேயே கல் அறுத்தார்கள், சூளைக்காரர்கள் மண்ணை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். யுத்தம் ஒன்று எங்கேயோ நடந்து முடிந்தது. 1918 மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து வந்த கொட்டகையும் கொழும்புக்குப் போன பதினேழு கடைகளும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தன. கடைகள் ஆற்றுப் பக்கமாக ஒதுங்கி வழிவிட்டன. அவை ஒதுங்கிய எட்டு நாளும் ஸஹாப்தீன் பீடியும் வெல்லமும் கொட்டகைக்குள்ளே எட்டிக் கொடுத்துவிட்டு, லயம் பின்னால் ஒன்றரை மைலில் வருகிறது, பிள்ளை உயரமாக வளர்ந்துவிட்டது என்று சொன்னார்.

1919 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹங்வெல்லைக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோட்டத்தில் இரண்டுக்கும் நடுவில் நாற்பது முழம் இருந்தது. இரண்டு தொங்கலும் நேருக்கு நேர். லயத்தின் இந்தத் தொங்கல் பூசாரியின் காம்பரா. அவர் தம் பானை சட்டிகளை எடுத்துக்கொண்டு ஏழாம் காம்பராவுக்கு மாறி, மூக்காயிக்கும் இலட்சுமிக்கும் இடம் விட்டிருந்தார். ஊர் கூடிவிட்டது. முக்தார் ருவான்வெல்லையிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தார், மஹ்மூதாவும் வந்திருந்தார். ஹங்வெல்லைக் காவல் நிலையத்து ராளஹாமியும் வந்து, பிடியாணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த நாற்பது முழ நிலத்தின் நடுவில் நின்றார். அவர் கெட்டவர் அல்ல. மேலிடத்து உத்தரவு. கன்னையா ஒரு அடி வெளியே எடுத்து வைத்தால் பிடிக்க வேண்டும், இந்தத் தோட்டத்தில் பேர் பதியாத, துண்டில்லாத மூக்காயி வைத்தால் அவளையும் பிடிக்க வேண்டும். பதினொரு வருடம் பொறுத்தவர்கள் நாற்பது முழம் பொறுக்கமாட்டார்கள் என்று அவருடைய மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

காலை போனது. கன்னையா கொட்டகைச் சுவரில் இருந்த சன்னலில் நின்றான். மூக்காயி காம்பராச் சன்னலில் நின்றாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவோம் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. இலட்சுமி இரண்டு தடவை சன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தாள், பூசாரி பாவாடையைப் பிடித்து இழுத்தார். மத்தியானத்துக்குள் இருபத்தைந்து முழமானது. ராளஹாமிக்கு யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு அவர் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம்போல் இருந்தது. அது அவருக்குத்தான் அப்படித் தோன்றியது. உண்மையில் பதினைந்து முழம் இருந்தது. ஆனால் கடைசி நேரத்தில் சுவர்கள் அவசரப்பட்டன. அன்றைக்கு மட்டும் அவை முப்பது முழக் கணக்கின் வேகத்தை மீறின என்பதை நில அளவைக்காரரும் பிறகு ஒத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு ராளஹாமி பக்கவாட்டில் நின்றார். ஐந்தேகாலுக்கு வயிற்றை எக்கினார். பிறகு, சட்டம் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். வெள்ளைச் சுவரும் கறுப்புச் சுவரும் சத்தமில்லாமல் ஒட்டின. சன்னலும் சன்னலும் ஒன்றாகின.

ஒரு கறுப்புக் கை இந்தப் பக்கம் வந்தது. வந்து, தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் சன்னல் படியிலேயே நின்றது. இலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளிடம் எல்லாரும் சொன்னது நாம் கொழும்புக்குப் போகிறோம் என்றுதான். நேற்றும் சொன்னார்கள். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இதுதானா கொழும்பு?"

"ஆமா" என்றாள் மூக்காயி. "உள்ள வரச் சொல்லு."

அன்றைக்கு நின்ற கட்டடம் அதன் பிறகு அசையவில்லை. சன்னலை இடித்து வாசலாக்கினார்கள். பதினேழு கடைகளும் 1925இல் கொழும்பு போய்ச் சேர்ந்தன. அவற்றை அழைத்த சங்கம் அதற்குள் கலைந்துவிட்டது, இடம் கேட்டபோது சதுப்புப் பக்கம் கை காட்டினார்கள், ஸஹாப்தீன் அங்கேயும் நல்லபடியாகத்தான் விற்றார். முக்தார் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கல்யாண வீடுகளில் சஹன் முடியும்வரை உட்கார்ந்து சாப்பிட்டார், மஹ்மூதா பன்னிரண்டாம் படத்தை வீட்டுச் சன்னலில் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டார். 1921இல் துண்டு என்ற சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ராளஹாமி அதைச் சொல்வதற்காக ஒரு பிற்பகலில் நடந்து வந்தார். பலாமரம் அந்த வருடமும் காய்த்திருந்தது. கன்னையா ஒரு பழத்தை அரிந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னான். சுற்றுவதற்கு வாழையிலை கைவசம் இல்லாததால் ராளஹாமி சட்டைப் பையிலிருந்த பிடியாணையை எடுத்து, அதில் பலாச்சுளைகளைக் கட்டிக்கொண்டு போனார்.